மனச்சோர்வு, பதற்ற மருந்துகளில் எது யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் மருந்தாளுநராகப் பணியாற்றும் எனக்கு, மருந்துச் சீட்டை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகள் நன்கு பழக்கமானவை. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என எங்கிருந்து வந்தாலும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தைத் தேர்வதும் அளவை மாற்றுவதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு செல்ல இந்தத் தொகுப்பு உதவும்.

“டிப்ரெஷன் மாத்திரை எல்லாம் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?”

ஒன்றல்ல. இன்று மருத்துவர்கள் முதலில் எழுதுபவை பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை: செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்ஸெட்டின், ஃபுளூவாக்ஸமின், பாராக்ஸெட்டின். நரம்பணுக்கள் வெளியிடும் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருள் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் இவை தடுக்கின்றன. வென்லாஃபாக்ஸினும் டுலாக்ஸெட்டினும் செரோட்டோனினோடு நார்அட்ரினலினையும் அவ்வாறே தடுப்பதால் எஸ்.என்.ஆர்.ஐ. எனப்படுகின்றன. மிர்ட்டாஸபின், அகோமெலட்டின், வோர்டியாக்ஸெட்டின் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் செயல்படுபவை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது இமிப்ரமின். அது மனச்சோர்வைத் தணிப்பதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் அதைச் சிறிய அளவில் கொடுப்பது வழக்கம் என்பதால், அந்தப் பெயரைச் சீட்டில் கண்டவுடனே “எனக்கு மனநோய் என்று எழுதிவிட்டார்களோ” என்று அஞ்ச வேண்டியதில்லை.

“சரி, இத்தனையில் எதுதான் பெஸ்ட்?”

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். எல்லாருக்கும் சிறந்தது என்று ஒரு மருந்து இல்லை. 2018ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வு, 21 மருந்துகள் குறித்த 522 சோதனைகளை, ஏறத்தாழ 1,16,000 பேரின் தரவுகளுடன் ஒப்பிட்டது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விட மேலாகவே வேலை செய்தன. அமிட்ரிப்டிலின், எஸ்சிட்டலோபிராம், மிர்ட்டாஸபின், வென்லாஃபாக்ஸின் முதலிய சில, பலன் தருவதில் சற்று முன்னே நின்றன. ஆனால் இடையில் மருந்தை விட்டவர்களின் கணக்கைப் பார்த்தால் அமிட்ரிப்டிலினும் வென்லாஃபாக்ஸினும் பின்தங்கின. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெட்டின் போன்றவற்றை மக்கள் எளிதாகப் பொறுத்துக்கொண்டார்கள்.

மருந்துகளுக்கு இடையே பலனில் உள்ள வேறுபாடு சிறியது. பக்கவிளைவுகளில் உள்ள வேறுபாடு பெரியது. ஆகவே “எது வலுவானது?” என்று கேட்பதைவிட, “என் வயது, என் மற்ற நோய்கள், என் தூக்கம், என் வேலை நேரம் ஆகியவற்றுக்கு எது ஒத்துவரும்?” என்று கேட்பதே பயன் தரும். எட்டு வாரம் விடாமல் சாப்பிட முடிந்த மருந்து, மூன்றாம் நாளே கைவிட்ட ‘வலுவான’ மருந்தை விட மேலானது. உங்கள் தாய், தந்தை அல்லது உடன்பிறந்தவர் எவருக்காவது ஏற்கனவே ஒரு மருந்து நன்றாகப் பலித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலர் அதை மறைத்துவிடுகிறார்கள்.

“எனக்குக் கவலையோ அழுகையோ இல்லை, படபடப்புதான். எனக்கு எதற்கு டிப்ரெஷன் மருந்து?”

பெயர் அப்படி அமைந்துவிட்டதே தவிர, பதற்ற நோய்களுக்கும் முதல் வரிசை மருந்துகள் இவையே. நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவதால் மாரடைப்பு என்று அவசரப் பிரிவுக்கு ஓடி, ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படுபவர்களில் பலருக்குப் பேனிக் டிஸார்டர் எனப்படும் திடீர் பீதி நோய் இருப்பதுண்டு. செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் போன்றவை அதற்கு நன்கு உதவுகின்றன. எதற்கெடுத்தாலும் ஓயாத கவலைக்கு எஸ்சிட்டலோபிராம், டுலாக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவை பயன்படுகின்றன. கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை போய்ப் பார்க்கும் ஓ.சி.டி. நோய்க்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் பெரும்பாலும் கூடுதல் அளவிலும் கூடுதல் காலத்துக்கும் தேவைப்படும்.

ஒரு வேறுபாடு முக்கியம். பதற்றம் உள்ளவர்களின் உடல் தொடக்க அளவையே கடுமையாக உணரக்கூடும். எனவே வழக்கமான அளவில் பாதியில், அதாவது செர்ட்ராலின் 25 மில்லிகிராமிலோ எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமிலோ தொடங்கி மெல்ல உயர்த்துவது நல்ல வழக்கம். குறைவாகக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

“பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை; படபடப்புதான் கூடியிருக்கிறது. விட்டுவிடலாமா?”

இந்தப் பத்தாம் நாள்தான் பலரும் மருந்தைத் தூக்கி எறியும் நாள். பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் தலைகாட்டும். முழுப் பலனை அறிய ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, உள்ளே ஏதோ துடிக்கும் உணர்வு ஆகியவை பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் தணிகின்றன. உணவுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலைக்கும், தூக்கம் வந்தால் இரவுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள்.

முன்னேற்றத்தை முதலில் நோயாளியை விடச் சுற்றியிருப்பவர்களே கவனிப்பதுண்டு. “அண்ணன் இந்த வாரம் தானாகவே குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்” என்று ஒரு தங்கை சொல்லும்போது, அந்த அண்ணன் தனக்கு ஒரு மாற்றமும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பார். அதே வேளையில், உட்கார முடியாத அளவுக்கு அமைதியின்மை, உடல் முழுதும் தடிப்பு, உயிரை விடும் எண்ணம் ஆகியவை வந்தால் எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரை அழையுங்கள்.

“எது சாப்பிட்டால் குண்டாவேன்? எது தூக்கத்தைக் கொடுக்கும்?”

மிர்ட்டாஸபின் பசியையும் தூக்கத்தையும் கூட்டும். சாப்பிடாமலும் உறங்காமலும் மெலிந்துபோனவருக்கு அதுவே வரம். நீரிழிவோடு எடையும் கூடியவருக்கு அதுவே தொல்லை. நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பதால் இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாராக்ஸெட்டினும் அமிட்ரிப்டிலினும் எடையைக் கூட்டக்கூடியவை. ஃபுளூவாக்ஸெட்டின் பொதுவாக எடையில் பெரிய மாற்றம் செய்வதில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் காலையில் சாப்பிடுவது வழக்கம். செர்ட்ராலினால் வயிற்றுப்போக்கு வருவது மற்றவற்றைக் காட்டிலும் அதிகம். வென்லாஃபாக்ஸின் அளவு உயர உயர இரத்த அழுத்தமும் ஏறலாம். டுலாக்ஸெட்டின், நீரிழிவால் காலில் எரியும் நரம்பு வலிக்கும் பயன்படுவதால், இரண்டு தொல்லையும் உள்ளவருக்கு ஒரே மாத்திரை போதுமாகிவிடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அளவுமீறிக் குடிப்பவர்களுக்கும் அது ஆகாது.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்க கிளினிக்கின் சிறு பிளாஸ்டிக் உறையில் ‘மாலாம்’ என்று மலாயில் எழுதியிருப்பது, உறங்கப் போகும் நேரத்தை மனத்தில் வைத்தே. காலை எட்டு மணிக்குப் படுப்பவர் மிர்ட்டாஸபினை இரவு ஒன்பதுக்கு விழுங்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினால் பெரும் ஆபத்து. உங்கள் ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லி, எப்போது சாப்பிடுவது என்று கேட்டு உறையில் எழுதி வாங்குங்கள்.

“கேட்கவே கூச்சமாக இருக்கிறது… கணவன் மனைவி உறவில் நாட்டம் போய்விட்டது. மாத்திரையாலா?”

மாத்திரையாலும் இருக்கலாம், நோயாலும் இருக்கலாம். மருந்து தொடங்குவதற்கு முன் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவாகும். நாட்டக் குறைவு, உச்சம் தள்ளிப்போதல் ஆகியவை எஸ்.எஸ்.ஆர்.ஐ., எஸ்.என்.ஆர்.ஐ. இரண்டிலும் மிகப் பரவலாகக் காணப்படுபவை. ஆண்களும் பெண்களும் இதைச் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிட்டு, மூன்று மாதத்தில் நோயோடு திரும்பி வருவதைத் தொடர்ந்து காண்கிறேன். அளவைக் குறைப்பது, இந்த விளைவு குறைவாக உள்ள மிர்ட்டாஸபின், அகோமெலட்டின் போன்றவற்றுக்கு மாறுவது என வழிகள் உண்டு. மருத்துவரின் முகம் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருக்கு இது அன்றாடம் கேட்கும் செய்தி.

“இதற்கு அடிமையாகிவிடுவோம் என்கிறார்களே?”

இந்த அச்சம் பெரும்பாலும் வேறொரு மருந்திலிருந்து வருகிறது. அல்பிரஸோலம், லோராஸெபம், டயஸெபம் போன்றவை பென்ஸோடயஸெபின் வகை. அவை அரை மணி நேரத்தில் பதற்றத்தைத் தணிக்கும். சில வாரங்கள் தொடர்ந்தால் உடல் பழகி, மேலும் மேலும் கேட்கும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று வாரத்தைக் கடக்க மட்டும் மருத்துவர் இவற்றைச் சேர்த்துத் தருவதுண்டு. எது நிரந்தரம், எது தற்காலிகம் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்; இரண்டையும் குழப்பி, நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்து, தொடர வேண்டியதை நிறுத்தியவர்கள் உண்டு.

மனச்சோர்வு மருந்துகளில் அத்தகைய ஏக்கமோ, அளவைத் தானே கூட்டிக்கொண்டே போகும் வேட்கையோ ஏற்படுவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடல் எதிர்ப்புக் காட்டும் என்பது உண்மை. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

“நன்றாகிவிட்டேன். இனி நிறுத்தலாம்தானே?”

நன்றானதும் நிறுத்துவது, நோய் திரும்பி வருவதற்கான முதன்மையான காரணங்களுள் ஒன்று. முதல் முறை மனச்சோர்வு வந்தவருக்கு, முழுதும் குணமான பிறகு குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவில் தொடரச் சொல்வது வழக்கம். பலமுறை வந்தவருக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

நிறுத்தும்போது ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு விதம். வென்லாஃபாக்ஸின் சில மணி நேரத்திலேயே உடலில் பாதியாகக் குறைந்துவிடுவதால், ஒரு வேளை தவறினாலே தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வும் சிலருக்கு வருகின்றன. பாராக்ஸெட்டினும் இவ்வகையில் கடினமானது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவற்றில் தொல்லை பொதுவாகக் குறைவு. ஃபுளூவாக்ஸெட்டினும் அதிலிருந்து உடலில் உருவாகும் பொருளும் வெளியேற வாரக்கணக்கில் ஆவதால் அது தானாகவே மெல்ல இறங்கும். மருந்தை அடிக்கடி மறப்பவருக்கு அது ஏற்றது என்று சொல்வதன் காரணமும் இதுவே.

எதுவாயினும் வாரக் கணக்கிலோ, நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு மாதக் கணக்கிலோ, படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைசிச் சிறு அளவுகளில்தான் மிகுந்த பொறுமை தேவை. வென்லாஃபாக்ஸினின் நீண்ட நேரம் செயல்படும் கேப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே இருக்கும் வெண்மணிகளைப் பாதியாகப் பிரித்துத் தாளில் மடித்து வைத்திருந்த ஒரு பெண்மணி அதை என்னிடம் காட்டினார். மனம்போன கணக்கில் அப்படிப் பிரிக்காதீர்கள், பல்லால் மெல்லவோ பொடிக்கவோ கூடாது. குறைந்த மில்லிகிராம் கேப்ஸ்யூல் தனியாகக் கிடைக்கிறது.

“அம்மாவுக்கு வயது எழுபது. பிரஷர், சர்க்கரை, மூட்டு வலி எல்லாவற்றுக்கும் மாத்திரை உண்டு. இதையும் சேர்க்கலாமா?”

சேர்க்கலாம், ஆனால் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவற்றோடு எஸ்.எஸ்.ஆர்.ஐ. சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்புக் கூடுகிறது. மூட்டு வலிக்குக் கிளினிக்கில் தரும் டிரமடோல், செரோட்டோனினை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் அவ்வாறே. வயிற்றுப் புண்ணுக்கான ஒமெப்ரஸோல், எஸ்சிட்டலோபிராமின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். முதியவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பதும் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் காக்கவே.

முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இன்னோர் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் குறைவது. நீர் இறங்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது கூடுதல். மருந்து தொடங்கிய சில வாரங்களில் அம்மா தடுமாறி விழுந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்குப் பாராக்ஸெட்டினும் ஃபுளூவாக்ஸெட்டினும் ஆகா. அவை தமொக்ஸிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும்.

“தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறேன். மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?”

வேண்டாம். பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ காவடி எடுப்பவர் இடையில் 48 நாள் மருந்தை விட்டால், மேலே சொன்ன நிறுத்தத் தொல்லைகளும் நோயும் ஒருசேர வரலாம். சில கேப்ஸ்யூல்களின் உறை விலங்குப் பொருளால் ஆனது என்பது உங்களுக்கு உறுத்தலாக இருந்தால், மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். செர்ட்ராலினும் எஸ்சிட்டலோபிராமும் மாத்திரையாகவே கிடைக்கின்றன. ரமலான் நோன்பு இருக்கும் தமிழ் முஸ்லிம்கள், நாளுக்கு ஒரு முறை மருந்தை நோன்பு திறக்கும் வேளைக்கோ சஹர் வேளைக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

“அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குக் கொடுப்பது மட்டமான மருந்தா?”

இல்லை. குடிமக்கள் ஒரு ரிங்கிட் பதிவுக் கட்டணத்தில் பெறும் மருந்தும் சுகாதார அமைச்சிடம் பதிவு பெற்றதே. அசல் நிறுவனப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயர் மருந்தாக இருப்பதால் விலை குறைவு. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றே. ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் வந்தால், பெயரும் மில்லிகிராமும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பது மலேசியாவில் சட்டப்படி குற்றம். இணையத்தில் சீட்டில்லாமல் கிடைப்பதை வாங்காதீர்கள். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்கும். தனியார் மருத்துவரிடம் சீட்டை எழுதி வாங்கி, விலை ஒத்துவரும் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

“மகனுக்குப் பதினேழு வயது. இந்த மருந்தே தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று படித்தேன். கொடுப்பதா வேண்டாமா?”

நீங்கள் படித்தது அமெரிக்க அரசின் எச்சரிக்கை. சிறுவர், பதின்ம வயதினருக்கு 2004ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டில் 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. மருந்தின் தொடக்க வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் இளையோரில் சிலருக்கு அத்தகைய எண்ணங்கள் கூடுவதை அது குறிக்கிறது. சிகிச்சை தராத மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும் என்பதால், பொருள் ‘கொடுக்காதே’ என்பதன்று. ‘கண்காணித்துக் கொடு’ என்பதே. பதின்ம வயதினருக்கு மருந்து தேவைப்பட்டால் நல்ல சான்றுள்ளது ஃபுளூவாக்ஸெட்டின். அதோடு உளவியல் ஆலோசனையும் சேர வேண்டும். மாத்திரைகளை நீங்களே வைத்திருந்து நாள்தோறும் எடுத்துக் கொடுங்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் மிகுதியாக விழுங்கினால் இதயத்தை நிறுத்தக்கூடியவை. அவற்றை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

மகனிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. போலீஸ் வழக்கு வரும் என்று இன்னும் பலர் அஞ்சி வாய் திறப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆபத்து உடனடி என்றால் 999, அல்லது அருகிலுள்ள மருத்துவமனை அவசரப் பிரிவு. பேச ஒருவர் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929.

“கர்ப்பமாக இருக்கிறேன். நேற்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?”

இன்றே மருத்துவரைப் பாருங்கள். தாயின் கடும் மனச்சோர்வு குழந்தைக்கும் கெடுதல் என்பதால், மருந்தைத் தொடர்வதா என்பதை இருபுறமும் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். பாராக்ஸெட்டின், முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் இதயக் குறையோடு தொடர்புபடுத்தப்படுவதால் தவிர்க்கப்படுகிறது. செர்ட்ராலின் நெடுநாள் பழகியது. தாய்ப்பாலிலும் மிகக் குறைவாகவே செல்வதால் பாலூட்டும் தாய்மாருக்குப் பெரிதும் விரும்பப்படுகிறது.

“மாத்திரை தொடங்கியதும் தூக்கமே வேண்டாம், கடை வைக்கப் போகிறேன், கடன் வாங்கப் போகிறேன் என்கிறார். குணமாகிவிட்டாரா?”

இது குணமன்று என்று ஐயுற வேண்டும். மனச்சோர்வும் அளவுகடந்த உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர் மனச்சோர்வுக் கட்டத்தில் மருத்துவரிடம் வந்திருந்தால், இந்த மருந்துகள் அவரைக் கட்டுக்கடங்காத எழுச்சிக்குத் தள்ளிவிடலாம். தூக்கம் இல்லாமலே களைப்பின்மை, வேகமான பேச்சு, பணத்தை வாரி இறைத்தல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் எவருக்காவது இந்நோய் இருந்ததா என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்வது இதைத் தடுக்கும். “சித்தப்பா தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருந்தார்” என்று சொல்லக் குடும்பங்கள் வெட்கப்படுகின்றன. அந்த ஒரு வாக்கியம் மருந்துத் தேர்வையே மாற்றிவிடும்.

“மூன்று மருந்து மாற்றிவிட்டோம். எதுவும் பலிக்கவில்லை. இனி என்ன?”

முதல் மருந்திலேயே முழுக் குணம் காணாதவர்களே அதிகம். அமெரிக்காவில் நடந்த ‘ஸ்டார்-டி’ ஆய்வில் முதல் மருந்தான சிட்டலோபிராமில் நோயிலிருந்து முற்றும் மீண்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. எனவே முதலில் மூன்றும் உண்மையாகவே சோதிக்கப்பட்டனவா என்று பாருங்கள்: போதிய அளவு, ஆறு வாரம், விடாமல். அடுத்து, தைராய்டு குறைவு, இரத்தச் சோகை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், மது, முன் கேள்வியில் சொன்ன இருதுருவ நோய் ஆகியவை மறைந்திருக்கின்றனவா என்று மருத்துவர் தேட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பலிக்கவில்லை என்றால், குடும்ப மருத்துவரிடமிருந்து மனநல நிபுணரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அரசாங்கப் பெரிய மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. அவர் லித்தியம், குவெட்டியபின் போன்றவற்றைச் சேர்க்கலாம், இரு வகை மருந்துகளை இணைக்கலாம், சி.பி.டி. எனப்படும் உளவியல் சிகிச்சையைக் கூட்டலாம். உணவும் நீரும் மறுக்கும் அளவுக்குப் போனவர்களுக்கு, மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் ஈ.சி.டி. என்னும் மின்தூண்டல் சிகிச்சை மாத்திரைகளை விட விரைவாகப் பலன் தருகிறது. பழைய படங்களில் கண்ட காட்சிகளை வைத்து அதை மறுத்துவிடாமல், எப்படிச் செய்கிறார்கள், நினைவாற்றலில் என்ன மாற்றம் வரலாம், எத்தனை அமர்வு என்று நிபுணரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். செல்லும்போது இதுவரை சாப்பிட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், மில்லிகிராம், சாப்பிட்ட காலம், விட்ட காரணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழைய உறைகள் இருந்தால் அவற்றையும்.